வசுவாசி ஊறின தண்ணி

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மாத்தளை டவுனில் நான் கிட்டத்தட்டச் செத்துப்போனேன். கிட்டத்தட்ட என்று நான்தான் சொல்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு வரைக்கும் நான் மறக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. அரசாங்க உத்தியோகம். மிளகு, கறுவா, சாதிக்காய் வைத்திருக்கிற தோட்டக்காரர்களிடம் போய், எப்படி நட வேண்டும், எப்படி ஆய வேண்டும், எப்படிக் காயவைக்க வேண்டும் என்று வகுப்பெடுக்கிற வேலை. நியமனம் மாத்தளையில் கிடைத்தது. கணவரும் ஏழு வயது மகளும் ஊரில். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால், ஞாயிறு திரும்பவும் பஸ். மகள் கலண்டரில் நான் வருகிற நாளுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவாள். போகிற நாளுக்கு ஒன்றும் போட மாட்டாள்.

ஊருக்கு மாற்றம் கேட்க வேண்டுமென்றால் முதலில் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குச் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். அதாவது, நான் யாழ்ப்பாணம் போய்ச் சேருவதற்குச் சிங்களம் வேண்டும்! இதை மகளுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு சொல்லி வேலையில்லை. "அம்மா, எங்கட றோட்டில ஒருத்தரும் சிங்களம் கதைக்கிறேல்லையே" என்று அவள் கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்வது?

எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி. வாய்மொழிப் பரீட்சையில்தான் வில்லங்கம். இரண்டு தரம் போனேன், இரண்டு தரமும் கோட்டை விட்டேன். சிங்களம் தெரியாமல் இல்லை. யாராவது வேகமாகக் கேட்டால் எனக்குப் பாதிதான் காதில் ஏறும். மற்றப் பாதியைத் திருப்பிக் கேட்க வெட்கம். அதனால் சிரித்துக்கொண்டு தலையாட்டி "ஓவ்" என்று சொல்லிவிடுவேன். சிங்களத்தில் ஆமாம் என்று அர்த்தம். இரண்டாவது தரம் பரீட்சகர், "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். நான் "ஓவ்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லத் திரும்பக் கேட்டார். நான் இன்னும் பலமாகத் தலையாட்டி "ஓவ் ஓவ்" என்றேன். வெளியே வந்து படியிறங்கும்போதுதான் கேள்வி என்னவென்று மண்டையில் தட்டியது. அப்படியே திரும்பி ஓடிப்போய் "ஒன்று, ஒன்று" என்று கத்தலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாவது தரத்துக்குத் திகதி வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, கண்டியில். இதையும் விட்டால் இன்னுமொரு வருடம் பஸ்தான். மகளிடம், "இந்தச் சோதினை முடிய அம்மா ஒரேயடியா வீட்ட வந்திடுவன்" என்று வாயை விட்டிருந்தேன். பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கவே கடிதம் வந்தது, அன்றைக்கே நித்திரை போய்விட்டது.

நித்திரைக்கு நான் செய்யாத வைத்தியமில்லை. கந்தோரில் கூட வேலை செய்கிற பிள்ளை பெலிமல் கொண்டுவந்து தந்தாள், வில்வம்பூ. அவித்துக் குடித்தால் உடம்பு குளிரும், மனம் ஆறும் என்றாள். உடம்பு நன்றாகத்தான் குளிர்ந்தது. விடியும்வரை ஏழு தரம் எழும்பிப் போய்வந்தேன். பிறகு தலைக்கு வைக்க ஒரு மூலிகை எண்ணெய். அதில் என்ன இனிப்பைப் போட்டார்களோ, காலையில் தலையணை முழுக்க எறும்பு. கணவரிடம் சொன்னால் அவர் போனில், "கண்ணை மூடிக்கொண்டு படும், வரும்" என்றார். வாத்தியார் வேலை, படிப்பித்துப் படிப்பித்து எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் விடை சொல்கிற மனுசன்.

நித்திரையில்லாவிட்டால் சும்மா கிடப்பேனா? எழும்பிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். பூட்டித்தான் இருக்கும். திறந்து திரும்பப் பூட்டுவேன். காஸ் அடுப்பைப் பார்ப்பேன். பரீட்சைக் கடிதம் பையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். வந்து படுத்ததும், கதவைப் பூட்டினேனா என்று திரும்பச் சந்தேகம் வரும்.

நான் குடியிருந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மேல்மாடியில். கீழே வீட்டுக்காரரும் மனைவியும். அந்த மனுசியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா மாதிரி. அவரை நானா, அண்ணன் மாதிரி. நானாவுக்குச் சொந்தமாக ஒரு த்ரீவீலர். பேச்சு மிகக் குறைவு. அவருக்கும் சேர்த்து ராத்தா பேசுவார். பேச்சென்றால் அப்படியொரு வேகம். அவரின் தமிழ் எனக்கு முக்கால்வாசிதான் பிடிபடும். ஆனால் சிங்களமாவது பரவாயில்லை, தமிழிலேயே எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் யாழ்ப்பாணத்தவள்! எங்கள் ஆட்களுக்குத் தமிழில் கொஞ்சம் தடிப்பு, பெருமை, என்பது ஊருக்கே தெரியும். அதனால் ராத்தாவுக்கும் அதே வைத்தியம்தான். சிரிப்பு, தலையாட்டல், "ஓம் ராத்தா."

பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை காலை. ராத்தா தம்புள்ளையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நானா த்ரீவீலரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார், அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ராத்தா கண்ணாடிக்கு முன்னால் நின்று, தலைச்சீலைக்குக் குத்துகிற ஊசி மூன்றை உதட்டில் கடித்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ராவு மிஸ் நாலஞ்சு தரம் கதவப் பூட்டித் தொறந்து பாத்தீங்க, என்ன? கள்ளன்டு நெனச்சி நானாவ எழுப்பிட்டன். தூக்கம் வாறல்லயா?"

"வருகுதில்லை ராத்தா. நெஞ்சு படபடக்குது. ஒண்டை நாலு தரம் பாத்தாலும் மனம் ஆறுதில்லை" என்றேன்.

ராத்தா ஊசிக்கு நடுவால் ஒரு நீளமான மருந்து சொன்னார். என் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "இது வசுவாசி... வசுவாசி... ஊறின தண்ணி... மூணு மடங்கு... ஒண்டும் செய்யாது. நான் வந்து தாறன்." 

நான் வழக்கம்போல, "ஓம் ராத்தா, ஓம்" என்று தலையாட்டினேன். த்ரீவீலர் போய்விட்டது.

வசுவாசி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாதிக்காய் வெடித்தால் கொட்டையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வலை இருக்குமே, அதுதான். புத்தகத்தில் சாதிபத்திரி. மாத்தளையில் தமிழரும் முஸ்லிம்களும் வசுவாசி என்பார்கள், சிங்களத்தில் வசாவாசி. என் தொழிலே அதுதான்! கிழமையில் ஐந்து நாளும் வசுவாசியை உடையாமல் உரியுங்கள், நிறம் மாறாமல் காயவையுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். அப்படிப்பட்டவளின் காதில் வேறென்ன விழும்?

எனக்குப் பெரிய சந்தோசம். குழந்தைகளுக்கு நித்திரைக்குச் சாதிக்காய் உரைத்துக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்போ வசுவாசியும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். ராத்தா வந்து தரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? என் கந்தோர்ப் பையிலேயே பலாபத்வலைக் கிராமத் தோட்டமொன்றில் வகுப்புக்குக் காட்ட வாங்கிய வசுவாசி ஒரு பை கிடந்தது. முதல் தரம். ஒரு இதழ் உடையவில்லை.

எவ்வளவு போடுவது? ஒரு சட்டி பிரியாணிக்கு இரண்டு மூன்று இதழ் காணும். மருந்தென்றால் அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டுமே என்று ஒரு சின்னக் கைப்பிடி எடுத்தேன். ராத்தா மூணு மடங்கு என்று வேறு சொல்லியிருக்கிறார். ஆகவே மூன்று கைப்பிடி. சனிக்கிழமை பின்னேரமே ஊறப்போட்டேன். ஞாயிறு மத்தியானம் பார்த்தால் தண்ணி நல்ல சாயம் மாதிரி, மணம் வீட்டைத் தூக்குகிறது. ஒரு கிளாஸ் குடித்தேன். கசப்பு, உறைப்பு, நாக்கு விறைக்கிறது. மருந்தென்றால் அப்படித்தானே. அடியில் கிடந்த வசுவாசியைக் கொட்ட மனம் வரவில்லை. ஒன்றையும் வீணாக்காதீர்கள் என்று வகுப்பெடுக்கிறவள் அல்லவா? அம்மியில் வைத்து அரைத்துத் தேன் விட்டு அதையும் விழுங்கினேன்.

இரண்டு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. நித்திரையும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. மீதித் தண்ணியையும் குடித்தேன்.

மூன்றரை மணியிருக்கும், முதலில் வாய் காய்ந்தது. காய்ந்ததென்றால், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கழன்று வரவில்லை. பிறகு நெஞ்சு. பரீட்சைக்குப் படபடத்த நெஞ்சு இப்போது திருவிழா மேளம் மாதிரி அடிக்கத் தொடங்கியது. கட்டிலில் படுத்து மேலே பார்த்தேன். ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்தேன் என்று நினைத்து மணியைப் பார்த்தால், நாலு நிமிடம் போயிருந்தது.

பிறகு சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் முகம் சிவந்து, கண் இரண்டும் செம்பரத்தம்பூ. அந்த முகத்தைப் பார்த்து இன்னும் சிரிப்பு. கணவருக்குப் போன் எடுத்தேன். என்ன கதைத்தேனென்று எனக்கு நினைவில்லை. அவர் பிறகு சொல்லித்தான் தெரியும். ஐந்து நிமிடம் முழுக்கச் சிங்களத்தில் கதைத்தேனாம். அவருக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. "உமக்கென்ன விசரே?" என்று அவர் கேட்க, நான் "ஓவ் ஓவ்" என்றேனாம்.

போனை வைத்ததும் சிரிப்பு போய்ப் பயம் வந்தது. அது விளையாட்டுப் பயமில்லை. கை கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தது. சாகப்போகிறேன் என்று உண்மையாகவே நினைத்தேன். தனியாக, யாருமில்லாத வீட்டில், மூன்று கைப்பிடி வசுவாசியைத் தின்று! மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஒரு கடதாசியை எடுத்துக் கடைசியாக ஏதாவது எழுதுவோமென்று உட்கார்ந்தேன். அந்தக் கடதாசி இன்னும் என்னிடம் இருக்கிறது. "பிள்ளையின்ட வெள்ளைச் சொக்ஸைக் கலர் உடுப்போட போட்டுத் தோய்க்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன். அழுதழுதுதான் எழுதினேன். சாகிற நேரத்திலும் பொம்பிளைக்குத் தோய்க்கிற கவலைதான் போலிருக்கிறது.

அந்த நேரம் வாசலில் த்ரீவீலர் சத்தம். ராத்தா கீழேயிருந்தே, "மிஸ், மருந்து கொண்டு வந்தீக்கி" என்று கூப்பிட்டார். நான் படியில் குந்திக் குந்தி, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினேன். ராத்தா கையில் ஒரு தண்ணிப் போத்தலோடு நின்றார். என்னைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தார்.

"யா அல்லாஹ்! மிஸ்ட கண்ணப் பாருங்களே! என்ன செஞ்ச?"

"குடிச்சிட்டன் ராத்தா" என்றேன். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை.

"எதக் குடிச்ச? மருந்து என்ட கையில ஈக்கே!"

அடுத்த நிமிடம் நான் த்ரீவீலருக்குள். ராத்தா ஒரு கையால் என்னை அணைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ ஓதி ஓதி என் நெற்றியில் ஊதினார். மற்றக் கையால் போத்தலை என் வாயில் வைத்தார். எனக்கு இருந்த தாகத்துக்குப் போத்தலில் பாதியை மடமடவென்று குடித்தேன். நானா பயத்தில் சைக்கிள் வேகத்தில் ஓட்டினார். ஒரு நாய் எங்களை முந்திக்கொண்டு போனது எனக்கு நல்ல நினைவிருக்கிறது. ராத்தா ஓதுகிறதை நிறுத்தி, "முறுக்குங்களே, மனுசி மௌத்தாப் போகப் போறா!" என்று ஒரு சத்தம் போட்டார். மௌத்து என்றால் சாவு. அதற்குப் பிறகு நானா ஓட்டிய ஓட்டத்தில் எனக்கு வசுவாசியின் பயமே மறந்துபோனது.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளம் டாக்டர், சிங்களப் பிள்ளை. ராத்தாதான் எனக்காகச் சிங்களத்தில் பேச வாயெடுத்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "மொனவத கேவே?" என்று கேட்டார். என்ன சாப்பிட்டாய் என்கிறார்.

அந்த நேரம் எனக்கு வெட்கப்பட நேரமில்லை. உயிர் போகிற அவசரம். "வசாவாசி" என்றேன். எவ்வளவு என்றார். கையைப் பொத்திக் காட்டி, மூன்று விரலை நீட்டினேன். டாக்டரின் பேனை நின்றது. ஏன் சாப்பிட்டாய் என்றார். அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். பரீட்சை, நித்திரை, கதவு, பெலிமல், எறும்பு, எல்லாம்! இலக்கணமும் பார்க்கவில்லை, ஒருமை பன்மையும் பார்க்கவில்லை. கடைசியில் ராத்தாவைக் கைகாட்டி, "இவதான் வசாவாசி ஊறின தண்ணியைக் குடிக்கச் சொன்னவ" என்று போட்டுக்கொடுத்தேன்.

ராத்தாவுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. அப்படியே துள்ளி எழும்பினார்.

"நானா? நான் எப்ப செல்லின? மிஸ், நான் செல்லின வஸ்வாஸ்! வஸ்வாஸ்டு செல்லின! மனசுக்குள்ள ஷைத்தான் வந்து ஊதுற சந்தேகம். பூட்டின கதவயே திரும்பத் திரும்பப் பாக்குறீங்களே, அதான் வஸ்வாஸ்! அதுக்கு ஓதின தண்ணி குடிங்கன்டு செல்லின. ஊறின தண்ணியில்ல, ஓதின தண்ணி! குர்ஆன் ஓதி ஊதின தண்ணி. இந்தா, போத்தல்ல கொண்டு வந்தீக்கேன்!"

நான் மூன்று விரலைத் திரும்பவும் நீட்டினேன். "அப்ப மூண்டு மடங்கு?"

"மடங்கா? மூணு மடக்கு! மடக்கு, மடக்கு!" என்று ராத்தா போத்தலை வாயில் கவிழ்த்து, தொண்டையைக் காட்டி மூன்று தரம் விழுங்கினார்.

டாக்டருக்கு இது தமிழில் நடந்ததால் ஒன்றும் விளங்கவில்லை. என்ன சண்டை என்று என்னைக் கேட்டார். வேறு வழியில்லை. அரபுச் சொல் ஒன்று சிங்களச் சொல் மாதிரிக் காதில் விழுந்ததையும், ஓதினதுக்கும் ஊறினதுக்கும் நடுவில் நான் விழுந்ததையும், மடக்கு மடங்கானதையும், மேலண்ணத்தில் ஒட்டுகிற நாக்கை வைத்துக்கொண்டு, சிங்களத்தில், நானே விளங்கப்படுத்தினேன். டாக்டர் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். தோள் இரண்டும் குலுங்கின. பக்கத்தில் நின்ற நேர்ஸ் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சிரித்தார். கடைசியில் நானாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சிரித்து முடித்துவிட்டு டாக்டர் நன்றாகப் பேசினார். பேசினார் என்றால் எங்கள் யாழ்ப்பாண அர்த்தத்தில், ஏசினார். கறிக்குப் போடுகிற அளவு வேறு, இது விஷம். இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டோம். செடியில் இருந்து வந்ததென்றால் ஒன்றும் செய்யாது என்று யார் சொன்னது? நித்திரையில்லையென்றால் முதலில் இங்கே வந்திருக்க வேண்டாமா? நான் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். இரவு வார்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கட்டிலில் போட்டார்கள்.

கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் நல்ல வெயில். நாலு மாதத்துக்குப் பிறகு வந்த நித்திரை. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. எவ்வளவு நல்ல நித்திரை என்று சோம்பல் முறித்தேன். பக்கத்தில் இருந்த ராத்தாவிடம் மணி கேட்டேன். ராத்தா என் கையைப் பிடித்தார்.

திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணி.

"எழுப்பிப் பாத்த மிஸ். நானும் எழுப்பின, நேர்சும் எழுப்பின. நீங்க 'ஓவ் ஓவ்'ன்டு செல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க" என்றார்.

நான் வாய்விட்டு அழுதேன். வார்ட்டே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். நாலு மாதம் விடிய விடிய முழித்திருந்துவிட்டு, வேண்டிய அந்த ஒரே ஒரு காலையில் நித்திரை கொண்டிருக்கிறேனே! மகளிடம் எப்படிச் சொல்வது? ராத்தாவும் என்னோடு சேர்ந்து அழுதார். "என்ட வாயில ஊசி இருந்திச்சு மிஸ், எல்லாம் அந்த ஊசியாலதான்" என்றார். இல்லை. ஊசியால் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் நின்று, "என்ன சொன்னீங்கள் ராத்தா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இரண்டு தரம் என்னைப் பரீட்சையில் விழுத்தியதும், மூன்றாம் தரம் ஆஸ்பத்திரியில் போட்டதும் அதே தலையாட்டல்தான்.

டாக்டர் பிள்ளை நல்ல பிள்ளை. மருத்துவச் சான்றிதழில் நடந்ததை நடந்தபடியே எழுதித் தந்தார். அதைக் கந்தோரில் கொடுத்துத்தான் புதுத் திகதி கேட்க வேண்டும். கந்தோரில் கொடுத்தால் கந்தோர் முழுக்க வாசிக்கும். வாசித்தது. அடுத்த நாளே எனக்கு 'வசாவாசி மிஸ்' என்று பெயர். வகுப்பெடுக்கப் பலாபத்வலைக்குப் போனால், வசுவாசி காயவைத்திருந்த தோட்டக்கார மனுசி என்னைக் கண்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு, "மிஸ், இதைச் சாப்பிட வேண்டாம், வாங்கோ, சோறு தாறேன்" என்றாள் சிங்களத்தில். வெட்கக்கேடு! ஆனால் ஒன்று. எல்லோரும் பகிடி பண்ணப் பண்ண, நானும் விடாமல் மறுமொழி கொடுக்கப் பழகினேன். ஏற்கெனவே மானம் கப்பலேறிவிட்டது, இனிப் பிழைவிட என்ன பயம்? விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றேன். ஒருவரும் என்னைக் கடித்துத் தின்னவில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு புதுத் திகதி வந்தது. முதல் நாள் ராத்தா ஓதின தண்ணி கொண்டுவந்து, என் முகத்துக்கு நேரே நின்று, வாயில் ஊசியில்லை என்று திறந்து காட்டிவிட்டு, "மூணு மடக்கு" என்றார். குடித்தேன். வெறும் தண்ணிதான். ஆனால் எனக்காக ஒருத்தி இருந்து ஓதின தண்ணி. அன்றைக்கு நித்திரை வந்தது, கொஞ்சம் குறைவாகத்தான், ஆனால் வந்தது.

பரீட்சை மண்டபத்தில் அதே கண்ணாடிக்காரர். கோப்பைப் புரட்டிக்கொண்டே வேகமாக ஏதோ கேட்டார். எனக்கு அரைவாசிதான் ஏறியது. பழைய "ஓவ்" தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "தேருணே நே சேர், ஆயெத் கியன்ன" என்றேன். விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்று அர்த்தம். மனுசன் நிமிர்ந்து பார்த்தார். மெதுவாகத் திரும்பக் கேட்டார்: போன தரம் ஏன் வரவில்லை?

நான் சொன்னேன். அந்தக் கதையைத்தான் இரண்டு மாதமாக ஊர் முழுக்கச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லி எனக்குத் தலைகீழ்ப் பாடமே! கடைசியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ வசாவாசி நித்திரைக்கு நல்லதா, கூடாதா?" என்று கேட்டார். "நித்திரை வரும் சேர், ஆனால் வேண்டாத நாளில்தான் வரும்" என்றேன். பாஸ். பிள்ளைகள் எத்தனை என்று அவர் கேட்கவேயில்லை. நானாகவே சொல்லிவிட்டு வந்தேன், ஒன்று என்று.

மாற்றம் கிடைத்து நான் மாத்தளையை விட்ட நாளில் ராத்தாவும் நானாவும் பஸ் ஏற்ற வந்திருந்தார்கள். பஸ் வெளிக்கிட்டது. ராத்தா ஜன்னலுக்குக் கீழே ஓடிவந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கோ கண் நிறையத் தண்ணி. இது பிரிவுச் சொல்தானே, தலையாட்டினால் போதுமென்று தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். ஜன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டு, "விளங்கேல்லை ராத்தா! திருப்பிச் சொல்லுங்கோ!" என்று கத்தினேன். கொண்டக்டர் ஏசிக்கொண்டே பெல்லை அடித்துப் பஸ்ஸை நிப்பாட்டினான்.

"செருப்பு மிஸ்! என்ட செருப்பப் போட்டுட்டுப் போறீங்க!"

குனிந்து பார்த்தால் உண்மைதான். அவசரத்தில் மாறிவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கழற்றி ஜன்னலால் நீட்டினேன். ராத்தா வாங்கவில்லை. என் கையைத் தள்ளிவிட்டு, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வேணாம், போட்டுக்கிட்டே போங்க. நீங்களே கொண்டு வந்து தாங்க."

அந்தச் செருப்பு இப்போது யாழ்ப்பாணத்தில் என் வீட்டு வாசலில் கிடக்கிறது. வருகிற பள்ளிக்கூட விடுமுறைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு கொடுக்கப் போகிறேன், கலண்டரில் அவளே வட்டம் போட்டிருக்கிறாள். வாசலால் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து நினைத்துக்கொள்வேன்: நீங்களே கொண்டு வந்து தாங்க என்று ராத்தா சொன்ன அந்த இரண்டாவது வசனம் எனக்குக் கிடைத்தது, முதலாவது விளங்கவில்லை என்று நான் வாய்திறந்து சொன்னதால்தான்.